டேஷ்போர்டில் ஒரு நாமம்

டிக்கியைத் திறந்து, பனியன் வேஸ்ட் மூட்டையை ஓரமாகத் தள்ளி, அடியில் படுத்திருக்கும் ஸ்டெப்னியின் வால்வு மூடியைக் கழற்றி வாயில் கவ்விக்கொள்கிறார் ஜெபக்குமார். காதில் செருகியிருக்கும் தீக்குச்சியை எடுத்து, அதன் மொட்டைப் பக்கத்தால் வால்வின் நடுவே அமுக்குகிறார். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று போகிறது. எவ்வளவு போகவேண்டும் என்பதற்கு அவரிடம் மீட்டர் கிடையாது. கர்த்தருடைய ஜெபத்தை மனதுக்குள் சொல்ல ஆரம்பிப்பார்; பாதியில் நிறுத்தி விரலை எடுத்துவிடுவார். குளிர் குறைவாக இருக்கும் வாரம் என்றால் முக்கால். ஆமென் வரை போகவிடுவதில்லை. போனால் டேஷ்போர்டில் நாள் முழுக்க விளக்கு எரியும். அது சாமி கோபத்தின் அறிகுறி என்று முதலாளி எடுத்துக்கொள்வார்.

திருப்பூரில் எல்லா டிரைவர்களும் டயருக்குக் காற்றுப் பிடிக்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு காற்றை இறக்கிவிடுகிற டிரைவர், விசாரித்த வரையில், இவர் ஒருவர்தான்.

நாசரேத்துப் பக்கத்துக்காரர். வெள்ளைச் சட்டை, காலருக்குள் மடித்துவைத்த கைக்குட்டை, தோளில், கை துடைக்க, எப்போதும் ஒரு துண்டு பனியன் வேஸ்ட். கொங்குநாட்டில் இத்தனை வருஷம் கழித்தும் தெற்கத்திப் பேச்சு போகவில்லை. மேலே கொஞ்சம் 'ங்க' மட்டும் தூவிக்கொண்டிருக்கிறது. நின்றிருக்கிற எந்த வண்டியைத் தாண்டினாலும் அதன் டயரை ஒரு உதை உதைத்து, தலையைச் சாய்த்து, சத்தத்தைக் கேட்காமல் போகமாட்டார். பேங்க் மேனேஜர் வண்டி, போலீஸ் ஜீப், கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கார் என்ற பேதம் இல்லை. "அண்ணாச்சி, பின் வலது மெலிஞ்சிருக்கு, கேட்டேளா" என்று சொல்லிவிட்டு நன்றிக்குக் காத்திராமல் நடப்பார். பெரும்பாலும் நன்றி வருவதும் இல்லை.

அவர் ஓட்டுவது சிவசுப்பிரமணியத்தின் காரை. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நிட்டிங்கும் தையலுமாகக் கம்பெனி வைத்திருப்பவர். நெற்றி நிறைய விபூதி, விரல் நுனியில் எப்போதும் அதன் மிச்சம். பேரம் பேசி முடித்துக் கை குலுக்கினால் வெள்ளைக்காரன் கையும் சிவமயமாகிவிடும். நல்ல காலத்தில் கோயமுத்தூரில் ஒரு ஏஜென்டிடம் அந்த வெளிநாட்டு வண்டியைக் செகண்ட் ஹாண்டில் வாங்கினார். வண்டியோடு வந்த புத்தகம் ஜெர்மன் மொழியில் இருந்தது. அதை வீட்டில் ஆயுத பூஜைக்கு வைத்தார்கள்.

பிறகு 2008 வந்தது. அமெரிக்காவில் எங்கோ பாங்க் கவிழ்ந்ததாம்; அது கவிழ்ந்த சத்தம் நெருப்பெரிச்சலில் கேட்கவில்லை. இங்கே கேட்டதெல்லாம் மெஷின்கள் நின்ற சத்தம்தான். ஆர்டர் கொடுத்தவன் போனை எடுக்கவில்லை. கரண்டும் தன் பங்குக்கு வேண்டியபோது போனது. வட்டமாகச் சுற்றித் துணி பின்னும் மெஷின்களில் பாதி, பஞ்சுத்தூசி போர்த்திக்கொண்டு தூங்கின.

அந்தக் கார்த்திகையில் ஒரு விடியற்காலை, சாயப்பட்டறை ஆவி எது, பனி எது என்று தெரியாத வெள்ளைக்குள், ஜெபக்குமார் சாவியைத் திருப்பினார். வழக்கம்போல் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் பூத்து ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும் அணையவில்லை. சாமந்தி நிறத்தில் நின்று எரிந்தது.

"ஜெபா, அதென்னப்பா புதுசா?" என்றார் பின்சீட்டிலிருந்து முதலாளி.

"தெரியலிய மொதலாளி. குதிரை லாடம் கணக்கா இருக்கு."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி கண்ணம்மாள் எட்டிப் பார்த்தார். "லாடமா? கண்ணு தெரியுதாப்பா உனக்கு? ஏனுங்க, நல்லாப் பாருங்க. ரண்டு பக்கமும் கோடு, நடுவால கோடு, அடீல ஒரு பொட்டு. நாமமுங்க அது!"

முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சந்தேகம் இல்லை. "நாம முருகனைக் கும்படறவங்க. இவரு எதுக்குப் புள்ள நம்ம வண்டீல வாராரு?"

"முருகனுக்குத் தாய்மாமன்தானுங்க. மாமன் வரப்படாதா? மொதக் கன்டெய்னரு போனப்ப திருப்பதி மலைக்கு வந்து முடி குடுக்கறம்னு வேண்டிக்கிட்டீங்களே, போனீங்களா?"

முதலாளி போகவில்லைதான். நெருப்பெரிச்சல் போய்ச் சேருவதற்குள், வெயில் கண்ணாடியில் ஏறியபோது, நாமம் மறைந்துவிட்டது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனதுபோல.

உண்மையில் அது, டயரைக் குறுக்கே அறுத்தால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு வளைவு. நடுவில் 'ஜாக்கிரதை' என்பதற்கான ஆச்சரியக்குறி. காற்றுக் குறைந்தால் எரியட்டும் என்று எங்கோ ஒரு எஞ்சினியர் வரைந்த படம் அது. அவர் திருப்பூருக்கு வந்து ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையைப் பார்த்திருந்தால் வேறு படம் வரைந்திருப்பார். ஒருவேளை இதையே வரைந்திருக்கவும் கூடும். சக்கரத்தைக் கையில் வைத்திருப்பவர் சக்கரத்தைப் பற்றிச் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

திருப்பதி போனார்கள். மலையேறுகிற வண்டி என்பதால் அடிவாரத்தில் ஜெபக்குமார் எல்லாச் சக்கரத்துக்கும் காற்றுப் பிடித்தார். முதலாளி முடி கொடுத்துவிட்டு இறங்கியபோது விளக்கு இல்லை. "கணக்குத் தீந்துதப்பா" என்று மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். காதர்பேட்டைப் பனியன் கடைவீதியில் பழைய சகாக்கள் "பழனிங்களா, திருப்பதிங்களா?" என்று கேட்டபோது, முதன்முறையாகக் கொஞ்சம் கூச்சத்தோடு தெற்கே காட்டாமல் வடக்கே காட்டினார்.

ஒரு வாரம் கழித்து, மார்கழிப் பனியில், நாமம் மறுபடி வந்தது.

வீட்டில் பயப்படுவார்கள் என்று ஜெபக்குமார் நினைத்தார். நடந்தது வேறு. சிவசுப்பிரமணியம் முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். சாமந்தி நிறம் அவர் மொட்டையில் படிந்திருந்தது. "கடனைக் கேக்க வரலியப்பா. தொணைக்கு வாராரு" என்றார். அன்று கம்பெனியில் இறங்கியதும் ஆபீசுக்குப் போகாமல் நேராக நிட்டிங் ஷெட்டுக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த ஒரு மெஷினைத் தன் கையால் போட்டார். என்ன துணி, யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. உள்ளூர்ச் சந்தைக்கு ஜட்டியாவது தைப்போம் என்றார். ஷெட்டில் விளக்கொளியில் பஞ்சு பறந்ததைப் பார்த்தபோது, எல்லோரும் ஒரு கனவுக்குள் நின்று வேலை செய்வதுபோல் இருந்தது என்று ஜெபக்குமார் சொல்கிறார்.

ஆனால் அவருக்கு அடிவாரத்தில் பிடித்த காற்று ஞாபகத்தில் குறுகுறுத்தது. பின்பக்கம் இடது டயர் வாரம் ஒருமுறை மெலிகிற டயர். காற்றுக் கடையில் அதை நிரப்பினார், விளக்கு போனது. கொஞ்சம் இறக்கினார், வந்தது. சக்கரத்துக்குள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு உளவு சொல்கிறது என்று விளங்கியது. விடியற்குளிரில் காற்றுச் சுருங்கினால் வந்து சொல்லும், வெயிலில் டயர் சூடேறிக் காற்று விரிந்தால் வாயை மூடிக்கொள்ளும்.

காற்றுக் கடை ஆறுமுகசாமி சிரித்தார். "அப்ப உங்க மொதலாளி தெனமும் டயரைத்தான் கும்படறாரா? சொல்லீட்டீங்களா?"

"எங்க சொல்ல? சும்மா கெடயும்வே."

யோக்கியமான டிரைவர் செய்யவேண்டியதை அவர் செய்தார். பஞ்சரை ஒட்டி, காற்றை நிரப்பினார். மறுநாள் நாமம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கம்பெனி வாசலில் கார் நின்ற பிறகும் முதலாளி இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே பழைய மெஷின் வாங்கி விற்கிற புரோக்கருக்குப் போன் போட்டார். "அவரே போயிட்டாருங்க. நானும் கடையைச் சாத்தீறலாம்னு பாக்கறன். பொங்கலுக்கு முந்தி வந்து மெஷினையெல்லாம் பாத்துருங்க."

ஜெபக்குமார் ஸ்டியரிங்கில் இருந்தபடியே ஷெட்டைப் பார்த்தார். அந்த ஷெட்டில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அவர் ஊர்ப்பக்கத்திலிருந்து அவரே சொல்லிக் கூட்டிவந்தவர்கள். டெய்லர் இசக்கிமுத்து இங்கே வாடகை வீடு பிடித்துக் குடும்பத்தையும் அழைத்துவந்துவிட்டான். செக்கிங்கில் இருக்கும் ஒச்சம்மாள் போகவும் வரவும் "அண்ணே, கம்பெனி ஓடும்லா?" என்று கேட்பாள். அவர் வாயில் வருகிற பதில் டேஷ்போர்டைப் பொறுத்தது என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் விடியலில் இடது டயரில் காற்றை இறக்கினார். நாமம் வந்தது. முதலாளி முகம் மலர்ந்து, புரோக்கரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தாராபுரத்தில் ஒரு ஆளைப் பார்த்துவரலாம் என்றார். போகும் வழியில் வண்டி இடது பக்கமாக இழுத்தது. எதிரே வந்த லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே ஒதுங்கிப்போனது. ஓரமாக நிறுத்தித் தொட்டுப் பார்த்தால், டயர் தோசைக்கல். பின்சீட்டில் முதலாளி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஜெபக்குமார் சாலையோரப் புளியமரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். விளக்கும் வேண்டும், ஆளும் உயிரோடு வேண்டும்.

வழி டிக்கிக்குள் படுத்திருந்தது. ஸ்டெப்னியின் வால்வும் மற்ற நான்கைப்போல இரும்பில் இருந்ததை அவர் கண்டார், உளவாளி இல்லாத மற்ற வண்டிகளில் இருப்பதுபோல ரப்பர் இல்லை. அப்படியானால் அதற்குள்ளும் ஓர் உளவாளி இருக்கவேண்டும். ஓடுகிற நான்கையும் கல்லுமாதிரி நிரப்பிவிட்டு, ஓடாத ஐந்தாவதில் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். நாமம் எரிந்தது. எரிந்து, வெயிலில் நின்ற டிக்கி சூடானதும், மரியாதையாக அணைந்தது. கிறிஸ்தவர் ஒருவர் மார்கழி மாதப் பெருமாள் கைங்கரியத்தை ஏற்றுக்கொண்டது இப்படித்தான். "பாவமான்னு பாஸ்டர்ட்ட கேக்கலாம்னு நெனச்சேன். அவரு காருலயும் முன் டயரு மெலிஞ்சிதான் கெடக்கு. அதான் கேக்கல" என்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகவேண்டி வந்தது. மாற்று டிரைவராக ராக்கையாவை வைத்துவிட்டு, ஸ்டெப்னியைச் சரியான அளவில் இறக்கிவிட்டுப் போனார். பண்டிகை முடிந்து, புது வருஷ ஆராதனைக்கு முதல்நாள் ராக்கையா போன் செய்தான்.

"என்னண்ணே, ஸ்டெப்னில காத்தே இல்லாம வச்சிருக்கீக? வந்த அன்னைக்கே பாத்து, கும்முனு புடிச்சு வச்சிட்டேன். மொதலாளியும் பக்கத்துல நின்னு பாத்தாரு."

ஜெபக்குமார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "வெளக்கு எரியுதால?"

"ரெண்டு நாளு எரியல. மொதலாளி மொகமே சரியில்ல. அந்தப் புரோக்கரும் வந்துட்டாரு."

"வந்து?"

"டீ வாங்கிக் குடுத்து, வெலைக்கு இல்லீங்கன்னு அனுப்பிட்டாரு மொதலாளி. அன்னையிலிருந்து காலைல வெளக்கு கரெக்டா எரியுதுண்ணே. ஏன், அதுல ஏதும் ரிப்பேரா?"

ஜெபக்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. நிறைய நிரப்பிய ஸ்டெப்னி, ஆனாலும் விளக்கு. பஸ்ஸில் திருப்பூர் வருகிற வழி முழுக்க, சங்கடமாக, உண்மையாகவே பெருமாள் வந்துவிட்டாரோ என்று யோசித்துக்கொண்டு வந்தாராம்.

விடியலில் வந்து இறங்கி, நேராக முதலாளி வீட்டுக் கார் ஷெட்டுக்குப் போனார். பனி வாசல்வரை வந்து நின்றிருந்தது. டிக்கியைத் திறந்தார். பனியன் வேஸ்ட் மூட்டை ஓரமாகத் தள்ளியிருந்தது. வால்வு மூடி கழற்றினவாக்கில் விரிப்பின் மேல் கிடந்தது. அருகே, எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சி ஒன்று, அமுக்கிய வேகத்தில் நுனி மடங்கி. இரும்பு வால்வைச் சுற்றி வெள்ளையாக விபூதி.

ஜெபக்குமார் மூடியை எடுத்தார். விபூதியைத் துடைக்காமல் அப்படியே திருகினார். ஓசைப்படாமல் டிக்கியைச் சாத்திவிட்டுப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்து பின்சீட்டில் ஏறினார். "வந்துட்டியா ஜெபா? ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் மொதலாளி."

சாவியைத் திருப்பினார். எல்லா விளக்கும் பூத்து, ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று நின்றது.

"வந்துட்டாராப்பா?"

"வந்துட்டாரு மொதலாளி."

சிவசுப்பிரமணியம் கைகளைக் குவித்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அந்தக் கைகள் தெரிந்தன. வலது ஆள்காட்டி விரல் நுனியில், விபூதிக்கு மேலே, ஈரம் காயாத டயர்க் கறுப்பு.

ஜெபக்குமார் தோளில் கிடந்த பனியன் வேஸ்டை எடுத்து, திரும்பிப் பார்க்காமல், பின்பக்கமாக நீட்டினார்.