மூன்று விரல் நுழையாத வாய்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். சாமிக்கு வைக்கிற வெற்றிலையைப் பற்றித் தப்பாக எழுதுகிறான் என்று நம் ஆட்களே சொல்லுவார்களோ என்ற பயம். முருகன் என் மனதை அறிவான்.

பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்துக்கு ஒருநாள் நாலைந்து நாடுகளிலிருந்து டாக்டர்மார் வந்தார்கள். வாய்ப் புற்றுநோயைத் தடுக்க எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு திட்டம் எழுதப்போகிறார்களாம். அதற்கு முன்னால் சனங்களிடம் கேட்க வேண்டுமாம். கொழும்பிலிருந்து கூட வந்த தம்பி தமிழில் கேட்டார்.

“புகையிலை பாவிக்கிறீங்களா?”

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். “ஏன் தம்பி, எங்களப் பாத்தா சுருட்டுக் குடிக்கிறவங்க மாதிரியா இருக்கு?” என்றாள் என் மனைவி. அப்போதும் அவள் கன்னத்தில் வெற்றிலை அடங்கியிருந்தது, அதற்குள் பாக்கும் போயிலைத் துண்டும். எங்களுக்கு அது போயிலை. புகையிலை என்றால் புகைவிடுகிற சாமான். தம்பி ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

வந்தவர்களில் நேபாளத்து டாக்டரம்மா மட்டும் என் மனைவியின் உதட்டையே பார்த்தார். துப்பிவிட்டு வரச் சொன்னார். தன் மூன்று விரலைச் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நிமிர்த்தி வைத்துக் காட்டினார்; அவ்வளவுக்கு வாய் திறக்க வேண்டுமாம். எல்லாரும் விளையாட்டாகச் செய்து பார்த்தார்கள். “இவ வாய்க்கு முழுக் கையே போகுமே!” என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளைக் கிண்டல் பண்ணினாள்.

என் மனைவிக்கு இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை. திரும்பத் திரும்ப முயன்றாள். சிரிப்பு அடங்கிப்போனது.

“ஏங்க, வாய் தொறக்க மாட்டேங்குதுங்க” என்று ஓரமாக நின்ற என்னைப் பார்த்தாள். கொஞ்ச காலமாகவே மிளகாய் போட்டு இடித்த சம்பல் வாயில் எரிகிறது என்று தட்டை ஒதுக்குவாள். உடம்புச் சூடு என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம்.

டாக்டரம்மா தம்பியிடம் இங்கிலீஷில் ஏதோ படபடவென்று சொன்னார். தம்பி எழுதியதை வெட்டிவிட்டு, “வெத்தில போடுவீங்களா? அதோட என்னென்ன சேர்ப்பீங்க?” என்று முதலிலிருந்து கேட்டார். இந்தமுறை ஒருத்திகூட இல்லை என்று சொல்லவில்லை.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வாய்க்குள் சதை கிள்ளி எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பாக்கால் கன்னத்துச் சதை இறுகிவிட்டது, இப்போது புற்றுநோய் இல்லை, ஆனால் அப்படி மாறலாம் என்றார் டாக்டர். பாக்கையும் போயிலையையும் அன்றோடு விட்டாள். வாய் மட்டும் பழையபடி திறக்கவில்லை. கிளினிக் நாளில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறோம். டாக்டர் லைட் அடித்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும்வரை நான் உட்காரமாட்டேன்.

அந்தத் திட்டம் என்ன ஆனதோ, எனக்குத் தெரியாது. படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். நல்ல தமிழாக்கிப் ‘புகையிலை’ என்று மாத்திரம் மாற்றிவிடாதீர்கள். நமக்கில்லை என்று நம் சனம் எழுந்து போய்விடும். போயிலை என்றே, பாக்கு என்றே, இங்கே உள்ளபடியே சொல்லுங்கள்.