அவன் முகத்தில் எப்படி முழிப்பேன்

இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் நானும் என் தம்பியும் அவன் மனைவியும் பால் வெட்டினோம். தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்களில்தான் குடியிருந்தோம்.

போன வருடம், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் எனக்குக் காய்ச்சல்.

"நீ படு அக்கா. ஒன் மரத்தையும் நானே வெட்டிட்டு வர்றேன்" என்று தம்பி வாசலில் நின்று சொன்னான்.

காய்ச்சல் உண்மைதான். எழும்பவே முடியாத காய்ச்சலா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

தன் மரங்களை முடித்துவிட்டு அவன் என் மரங்கள் இருந்த மலைச்சரிவுக்குப் போயிருக்கிறான். அங்கே வேர் உளுத்திருந்த ஒரு கிழட்டு மரம் காற்றில் சாய்ந்து அவன்மேல் விழுந்தது. பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்கள் ரம்பத்தோடு ஓடிவந்து, மரத்தை அறுத்து அவனை வெளியே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நாங்கள் கிறிஸ்தவர்கள், வேதக்காரக் குடும்பம். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். "அழாதீங்க. உயிர்த்தெழும்புற நாள்ல தம்பியப் பாப்பீங்க."

மற்றவர்களைத் தேற்றிய வார்த்தை என்னைப் பயமுறுத்தியது. எழும்பி வருகிறவன் என்னையும் பார்ப்பானே. அவன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

மெதுவாக ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். தம்பி மனைவி குழாயடிக்கு வந்தால் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணியிடம் கெஞ்சி வேறு சரிவுக்கு மாறினேன். நான் விட்டுவந்த மரங்கள் யாருக்குப் போயின என்று அப்போது கேட்கவில்லை. அவளுக்குத்தான் போயின என்று பிறகுதான் தெரிந்தது. புருஷனைப் பறிகொடுத்த இடத்திலேயே அவள் தினமும் கத்தி பிடித்திருக்கிறாள். அதைக் கேள்விப்பட்டும் நான் புதுச் சரிவிலேயே இருந்துகொண்டேன்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முதல் நாள் அவளே என் கதவைத் தட்டினாள்.

"அண்ணி, நாளைக்கு விடியக் கோயிலுக்கு வாங்க. தனியாப் போக முடியல எனக்கு."

மறுநாள் விடியவே அவளோடு கிளம்பினேன்.

அன்று போதகர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஆண்டவரைத் தனியே விட்டுவிட்டு ஓடியவர்களிடமே அவர் உயிரோடு திரும்பி வந்தார் என்றார். "ஏன் ஓடினீங்கன்னு கேக்கல. சாப்பிட ஏதாச்சும் இருக்கான்னுதான் கேட்டார்."

திரும்பி வரும் வழியில் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"புள்ள, என் மரத்த வெட்டப் போய்த்தான் அவன் செத்தான்."

"தெரியும் அண்ணி."

"நான் அன்னைக்கு எழும்பியிருக்கலாம்."

இல்லை அண்ணி, உங்கள்மேல் தப்பில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

"பொய் சொல்ல மாட்டேன் அண்ணி. கதவச் சாத்திக்கிட்டு ஒங்களத் திட்டியிருக்கேன். இப்பவும் சில நாள் கோவம் வருது. ஆனா ஒங்க தம்பி அந்த நாள்ல எந்திரிச்சு வர்றப்ப நாம ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னா, அவருக்கு எப்பிடி இருக்கும்?"

ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். தம்பி செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெஹியோவிட்டவுக்குப் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அடுத்த வேலை நாளில் கங்காணியிடம் போய் அந்தச் சரிவையே திருப்பிக் கேட்டேன். பாதி மரம் எனக்கு, பாதி அவளுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். மரம் விழுந்த இடம் என் பங்கில் வரட்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மனசு இலேசாகிவிட்டது என்று சொன்னால் பொய். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் என் கை நின்றுவிடுகிறது. அவள் வருகிறாளா என்று முதலில் தேடுகிறேன். அவள் குரல் கேட்ட பிறகுதான் மறுபடி வெட்டுகிறேன். ஆனாலும் உயிர்த்தெழும் நாளில் தம்பியைப் பார்க்க வேண்டும் என்று இப்போது எனக்கு ஆசையாக இருக்கிறது. அவனிடம் என்ன சொல்வேன் என்றுதான் இன்னும் தெரியவில்லை.