பெனிட்டா அக்காவின் டிரெய்லர்

ஜெரால்ட் அண்ணனின் அழைப்பு வந்தபோது லிவர்மோரிலிருந்து சான் ஹோசேவுக்குப் போகும் ஃப்ரீவேயில், நகராத வரிசையில் நின்றிருந்தேன். "பெனிட்டா காலைல அஞ்சரைக்குப் போயிட்டாம்மா," என்றார். பின்னால் ஒருவர் ஹார்ன் அடிக்கும்வரை வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

அண்ணனின் மனைவி பெனிட்டா அக்காவை இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் சர்ச் பாடகர் குழுவில் அறிவீர்கள். சிலர் என்னைப்போல் அவருடன் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். அவருடைய குடல் நோய் எல்லாருக்கும் தெரியும், அவரே சொல்லிவிடுவார் என்பதால். மீட்டிங் நடுவில், "பாத்ரூம் போறேன், நீங்க கன்டினியூ பண்ணுங்க," என்று எழுந்துபோவார். நானோ எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். தப்பாக எதுவும் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில் எதையுமே சொல்லாதவள்.

நாம் கடலோர முகாம்களுக்குப் போனபோதெல்லாம் அக்கா வீட்டிலேயே இருந்தார். அரை மணிக்கொரு கழிப்பறை அந்த வளைவுச் சாலையில் கிடைக்காது. "தூத்துக்குடிக்காரி நான், பன்னெண்டு வருசமா பசிபிக்க போட்டோலதான் பாக்கேன்," என்றார் ஒருநாள். அடுத்த வாரமே என்னைவிட வயதான ஒரு கேம்பர் டிரெய்லர், வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் சின்ன வீடு, அவர் வீட்டு டிரைவ்வேயில் நின்றது. அதன் கழிவுத் தொட்டி விரிசல் விட்டிருந்தது.

சனிக்கிழமைகளில் உதவப் போனேன். பழையபடி அடியில் பெரிய தொட்டியைத் தொங்கவிட்டால் துருப்பிடித்த சட்டம் தாங்காது என்றார் ஜெரால்ட் அண்ணன். கேசட் கழிப்பறையில், பெட்டியை வெளியிலிருந்து உருவிக்கொண்டு போய் அடிக்கடி கொட்ட வேண்டும். கடைசியில் உலர் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தோம். தண்ணீரே வேண்டாம், சிறுநீர் தனியாகப் போய்விடும், மற்றது தேங்காய் நார்த்தூளில் காய்ந்துவிடும். நாற்றமே வராது என்றன நாங்கள் பார்த்த வீடியோக்கள்.

பொருத்திய சனிக்கிழமை முழுக்க மூவரும் அதையே பயன்படுத்திப் பார்த்தோம். மாலைக்குள் பக்கத்தில் நிற்க முடியவில்லை. நார்த்தூள் சேறாகியிருந்தது. வெள்ளிக்கிழமை கடலுக்குப் புறப்பட வேண்டும். அக்கா டிரெய்லர் படியில் உட்கார்ந்துவிட்டார். "இந்த வருசமும் போட்டோதான் போல."

பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

"அக்கா, நான்தான். மக்குல தண்ணி ஊத்திட்டேன். கழுவாம எப்படிக்கா?"

அக்கா என்னையே பார்த்தார். "ஏட்டி, நானும்தான் ஊத்துனேன். நாலு தடவ."

இருவரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். "பேப்பர் எனக்குச் சரிப்படாது," என்றார் அவர், கையிலிருந்த ஸ்பேனரிடம்.

மூன்று எஞ்சினியர்கள், மூன்று மாதத் திட்டம். கழுவுவதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீடியோல பேசுறவனுக்கா கட்டுதோம்? நமக்குக் கட்டுவோம்."

புதன்கிழமைக்குள் கேசட் கழிப்பறை வந்தது. கழுவும் தண்ணீரில் அது சீக்கிரம் நிரம்பும் என்பதால் மாற்றுப் பெட்டி ஒன்றும் வாங்கினோம். கட்டிலுக்கடியில் முப்பது கேலன் தண்ணீர்த் தொட்டி, சின்ன பம்ப், கைக்கெட்டும் இடத்தில் ஹேண்ட் ஷவர். குளியலுக்கு இடமில்லை. "ரெண்டு நாள் குளிக்காம இருக்கலாம்ட்டி. கழுவாம ஒரு நேரம் இருக்க முடியுமா?" என்றார் அக்கா.

வழியில் ஒன்பது முறை நிறுத்தினோம். ஒன்பது முறையும் கழிப்பறை எங்களுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கடலைப் பார்த்தபடி அக்கா இரண்டு டம்ளர் காபி குடித்தார். அதற்கு முன் வீட்டுக்கு வெளியே அவர் எதையும் குடித்து நான் பார்த்ததில்லை. அலையில் கால் வைத்ததும், "எம்மா, ஐஸ்! எங்க கடலுக்கு இது பக்கத்துல வராது," என்று கத்தினார். அதற்குப் பிறகு ஆறு பயணங்கள் போனார்.

கடைசியாக மருத்துவமனையில் அவரால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. துடைக்க ஈரத்தாள் மட்டும் கொடுத்தார்கள். கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் நர்ஸ்களின் மேஜைக்குப் போனேன். அங்கே நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, அவருக்குக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், ஒவ்வொரு முறையும் வேண்டும் என்றேன். ஒரு ஜக்கில் உடனே வந்தது.

திரும்பியபோது அக்கா கண்ணைத் திறந்திருந்தார். "உன் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சுட்டி," என்றார். "நல்லாருந்துச்சு."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் குரலைத்தான். அதை இனித் தாழ்த்துவதாக இல்லை.