யார் பாட்டைப் போடுவது

நான் கல்லூரிக்குப் போன பஸ்ஸில் என்ன பாட்டு ஓட வேண்டும் என்று முடிவு செய்தது நான்தான். கேட்கிறவர்களுக்குக் கொடுத்து வைத்தவள் என்று தோன்றும். இரண்டாம் வருடத்தில் அதுவே என் படிப்புக்கு உலை வைக்கப் பார்த்தது.

கேசட்டுகளின் கடைசி வருடங்கள் அவை. செம்பட்டியிலிருந்து காலையில் திண்டுக்கல்லுக்குக் கிளம்பும் தனியார் பஸ்களில் எந்த பஸ்ஸில் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதோ அதில்தான் காலேஜ் பிள்ளைகள் ஏறுவார்கள். படம் வருவதற்கு முன்பே பாட்டு எங்களுக்கு மனப்பாடம். படம் பார்ப்பது வேறு கதை. அப்பா முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'பாக்கலாம்' என்று சொன்ன படத்துக்கு மட்டும் குடும்பத்தோடு திண்டுக்கல் தியேட்டருக்குப் போவோம். சென்சார் போர்டு எங்கள் வீட்டிலேயே மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

டிரைவர் அண்ணன் கேசட்டுகளை ஒரு செருப்புக்கடை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருப்பார். ஓட்டிக்கொண்டே அதைத் துழாவ முடியாது என்பதால், இடதுபக்க முன்சீட்டில் உட்காரும் என் மடியில் பெட்டியை வைத்துவிடுவார்.

'பாப்பா, நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு.'

அடுத்த ஊர் தாண்டியதும் காலனி நிறுத்தம். அங்கே ஏறுகிற ஒருத்திக்காக என் பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். அவள் டீச்சர் டிரெய்னிங் படித்தாள். வேறு ஊர், வேறு தெரு, வேறு படிப்பு. எங்களுக்குப் பொதுவாக இருந்தது அந்த முக்கால் மணி நேரமும் அந்தப் பெட்டியும்தான். என் ரசனை டப்பாங்குத்து. அவளுக்கு வயலின் அழ வேண்டும். 'ஏ புள்ள, காலங்காத்தால யாரு செத்தாங்கன்னு இதப் போடச் சொல்ற?' என்று நான் சண்டைக்குப் போவேன். கடைசியில் அவள் சொன்ன பாட்டுதான் ஓடும். பாட்டு முடியும்போது அவள் சொன்னதுதான் சரி என்றும் இருக்கும். அந்த எரிச்சலோடுதான் தினமும் பஸ்ஸை விட்டு இறங்குவேன்.

வீட்டில் அவளைப் பற்றிச் சொன்னதில்லை. சொல்கிற மாதிரியான வீடு இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் நான். செம்பட்டியில் உரக்கடை வைத்திருந்த அப்பா, சேர்த்துவிடும் அன்றே சொல்லிவிட்டார்: 'ஒன்னப் பத்தி ஒரு பேச்சு என் காதுக்கு வந்துச்சு, அன்னைக்கே சர்டிபிகேட்ட வாங்கிட்டு வந்துருவேன்.' வெறும் மிரட்டல் என்று நினைக்க வேண்டாம். அக்காவை அப்படித்தான் பத்தாவதோடு நிறுத்தினார். எவனோ சைக்கிளில் அவள் பின்னால் வந்தான். வந்தவன் படித்து முடித்தான், அவள் வீட்டில் உட்கார்ந்தாள். எனக்கும் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு இடம் பேசி வைத்திருந்தார்கள். 'பொண்ணு படிச்ச வரைக்கும் போதுமுங்களே' என்று மாதம் தவறாமல் அங்கிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

இந்த நிலைமையில்தான் என் பெரியப்பா மகன் பஸ்ஸுக்குள் ஒரு கேசட்டைக் கொண்டு வந்தான். எனக்கு அண்ணன் முறை. அவன் கல்லூரியில் தேசிய ஒருமைப்பாடு பற்றிய கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன். வாங்கிய கையோடு ரெக்கார்டிங் கடைக்குப் போய், எங்கள் சாதியின் வீரத்தையும் மீசையையும் பாடும் சினிமாப் பாட்டாகப் பொறுக்கி, இரண்டு பக்கமும் பதிந்து, டிரைவரிடம் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டான். அப்போது அந்த மாதிரிப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அது ஓடிய முதல் நாள் பின்சீட்டில் விசில் பறந்தது. பக்கத்தில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அந்தப் பாட்டுகளைச் சின்ன வயதிலிருந்து தெரியும், கல்யாண வீட்டில் ஆடியும் இருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் அவற்றில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று காதில் விழுந்தது.

அடுத்த வாரமே காலனிப் பையன்கள் அவர்களுடைய கேசட்டைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். யாருக்கும் பணியமாட்டோம் என்கிற பாட்டுகள். உண்மையைச் சொன்னால் மெட்டு அதில்தான் நன்றாக இருந்தது. அதை வெளியே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

டிரைவர் அண்ணன் பிழைக்கத் தெரிந்தவர். இதைப் போட்டால் அவர்கள் முறைக்கிறார்கள், அதைப் போட்டால் இவர்கள் சீட்டைக் கிழிக்கிறார்கள். 'எனக்கு என்னப்பா தெரியும், பாப்பா எடுத்துக் குடுக்குறதப் போடுறேன்' என்று கையைக் கழுவிவிட்டார். அன்றிலிருந்து பெட்டிக்குள் நான் கையை விடும்போதெல்லாம் பஸ் முழுக்கப் பேச்சு நிற்கும்.

நாங்கள் இரண்டு பேரும் பெரிய அறிவாளிகள் என்று நினைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தோம். இரண்டு கேசட்டையும் அடியில் தள்ளிவிட்டுக் காதல் பாட்டாகப் போட்டோம். காதல் பாட்டில் என்ன சாதி? இருந்தது. அதில் நடித்தவர் யாருடைய ஆள், பாடியவர் எந்த ஊர், இசை அமைத்தவர் யார் என்று பையன்களுக்குப் பாடப்புத்தகத்தைவிடத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. ஒரே பாட்டுக்கு ஒரு பக்கம் கைதட்டலும் இன்னொரு பக்கம் ஊளையும் வந்தது. சரி, சாமி பாட்டுப் போடுவோம் என்று முருகன் பாட்டுக்குப் போனோம். ஒரு நாள் முருகன், ஒரு நாள் மாதா. அதில் மட்டும்தான் யாரும் வாயைத் திறக்கவில்லை. பூக்கூடையோடு வரும் அம்மாமார் கும்பிட்டுக்கொண்டார்கள். மலைக்கோட்டை கண்ணில் படும்வரை அந்த பஸ் ஒரு வாரம் பக்தியோடு ஓடியது.

பெரியப்பா மகனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலை எழுந்து முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

'நம்ம பாட்டப் போடு.'

'நீயே போட்டுக்க. நான் என்ன ஒனக்கு வேலைக்காரியா?'

எனக்கு வாய் நீளம் என்று சும்மாவா சொல்வார்கள். அவன் பதிலுக்கு என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான். 'இவ கூட ஒட்டிக்கிட்டு வந்தா இப்பிடித்தான் பேசுவ' என்றான். காலனிப் பையன் ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான். டிரைவர் சடன் பிரேக் போட்டார். அடி விழவில்லை, சட்டைப் பொத்தான் ஒன்று மட்டும் தெறித்தது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.  என் நினைப்பெல்லாம் வீட்டில் இருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் அப்பாவின் காதுக்குப் போய்விடும் என்று தெரிந்துவிட்டது.

சாயங்காலம் வரைகூட ஆகவில்லை, மத்தியானமே போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

'என்ன தாயி, பஸ்ஸுல நீதான் பாட்டுப் போடுறியாமே?'

அவர் தாயி என்று ஆரம்பித்தால் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். நான் நடந்ததைச் சொன்னேன், அவளைத் தவிர. அவர் கேட்டது அவளைப் பற்றி மட்டும்தான்.

'பக்கத்துல உக்கார்ற புள்ள எந்த ஊரு?'

சொன்னேன். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவதை நிறுத்தினாள். அப்பா கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அதுதான் தெரியும். அவர் கத்தவில்லை. 'நாளைக்கு நானும் வாரேன். பாத்துட்டு முடிவு பண்ணுவோம்' என்றார். காலேஜுக்குப் போவதா, சர்டிபிகேட்டை வாங்குவதா என்கிற முடிவைத்தான் சொன்னார். 

மறுநாள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்தார். அண்ணன் பின்னாலிருந்து 'வாங்க சித்தப்பா' என்று குரல் கொடுத்தான். காலனி நிறுத்தம் வந்தது. அவள் ஏறினாள். வழக்கம்போல என் பக்கம் வந்தவள், எதிர்ப்பக்கம் அப்பாவைப் பார்த்தாள். அவரை அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக் குத்தகை நிலத்துக்கு உரம் எங்கள் கடையிலிருந்துதான் போனது. அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

நான் பையை எடுத்து மடியில் வைத்தேன்.

'உக்காரு.'

'இல்ல, செத்த நேரத்துல எறங்கணும்.'

அவள் இறங்கும் இடத்துக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மறுபடியும் 'உக்காரு' என்றேன், இந்தத் தடவை சத்தமாக. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நிற்க இடமில்லாத பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே போனது. ஏறிய யாரும் அதில் உட்காரவில்லை. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

டிரைவர் அண்ணன் பெட்டியை என் பக்கம் நீட்டினார்.  'பாப்பா' என்றார். பின்னால் விசில் கிளம்பியது. 'இன்னைக்குப் போடுவா பாரு, அப்பா வந்திருக்காருல்ல' என்றான் அண்ணன். காலனிப் பையன்கள் படிக்கட்டை விட்டு உள்ளே ஏறி வந்தார்கள்.

சினிமாவாக இருந்தால் நான் இரண்டு கேசட்டையும் ஜன்னல் வழியாக வீசி எறிந்துவிட்டு ஒரு வசனம் பேசியிருப்பேன், பஸ்ஸே எழுந்து கைதட்டியிருக்கும். எனக்கு வந்ததெல்லாம் ஆத்திரம்தான். ஒருவர்கூடத் தான் எடுக்காமல், எடுக்கிறவளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்கிற ஆத்திரம். எழுந்து போய்ப் பெட்டியை அப்பாவின் மடியில் வைத்தேன்.

'நீங்களே எடுத்துக் குடுங்கப்பா. எதப் போடணும்னு ஒங்களுக்குத் தெரியும்ல?'

அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்தார். எங்கள் ஆட்களின் கேசட் மேலேயே இருந்தது. 'அதுதான் சித்தப்பா, அதுதான்' என்றான் அண்ணன். 'எடுங்கய்யா, பாப்போம்' என்றான் காலனிப் பையன் ஒருவன், மரியாதையாகத்தான். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பையனின் அப்பாவும் எங்கள் கடைக்கு வருகிறவர். அண்ணனின் அப்பா அவருடைய கூடப்பிறந்தவர். என்னிடம் அத்தனை நாள் இருந்த பெட்டி அவர் மடியில் இருந்தது, பஸ் முழுக்க அவர் கையைப் பார்த்தது. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எங்கள் அப்பாவுக்குப் பயம் வந்து அன்றுதான் பார்த்தேன்.

'எனக்குத் தலவலியா இருக்கு' என்றார். 'பாட்டு ஒண்ணும் வேணாம்ப்பா. வண்டிய ஓட்டு.'

மூடியைப் போட்டுப் பெட்டியை டிரைவரிடமே கொடுத்தார். திண்டுக்கல் வரைக்கும் என்ஜின் சத்தம்தான். எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது, தப்பித்தேன் என்று நினைத்தேன். அவள் தன்னுடைய நிறுத்தத்தில் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்குச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா ஓரமாகக் கூப்பிட்டார்.

'நாளையிலருந்து கவர்மெண்ட் பஸ்ஸுல போ.'

'அது காலனியில நிக்காதேப்பா.'

'அங்க நிண்டா நமக்கென்ன, நிக்காட்டி நமக்கென்ன?'

'அதுக்கில்லப்பா, அவ...'

'படிக்கணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு.'

பக்கத்தில் பழனி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு நன்றாகப் புரிந்துதான் இருந்தது. சண்டையும் வரக்கூடாது, வியாபாரமும் கெடக்கூடாது, பெண்ணையும் நிறுத்த வேண்டாம். மூன்றுக்கும் சேர்த்து அவர் கண்டுபிடித்த வழி, நிற்காத ஒரு பஸ்.

'படிக்கணும்' என்றேன்.

அதைச் சொன்னதற்காக எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அக்காவைப் பார்த்து வளர்ந்தவள் நான், வேறு எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் அப்படிக் கேட்டதற்கான கோபம் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அவள்தான் முதலில் சிரித்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், 'இப்ப பெட்டி ஒன்கிட்டதான இருக்கு? காலையிலேயே அழுகப் பாட்டாப் போட்டு எல்லாரையும் கொல்லுறியா?' என்றேன்.

'என்கிட்டயா?' என்றாள், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. 'என்கிட்ட ஏன் குடுக்கப் போறாங்க? நீ பக்கத்துல இருந்த, அதான் நான் சொன்னது ஓடுச்சு.'

'முன்சீட்டுல வேற யாரு இருக்கா?'

'ஒங்க ஊருப் பிள்ளைக ரெண்டு பேரு. நான் நிண்டுக்கிட்டுத்தான் வாரேன்.' அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. 'நீ படிக்கிறேல்ல? ஒங்கப்பா நிறுத்திட்டாரோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்.'

'படிக்கிறேன்.'

'அப்பச் சரி.'

அதற்குள் என் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. ஓடிப்போய் ஏறினேன், உட்கார இடம் கிடைத்தது. அவளுடைய பஸ் எங்களுக்குப் பின்னால் கிளம்பியது. காலனி நிறுத்தத்தை என் பஸ் நிற்காமல் தாண்டியபோது நான் உட்கார்ந்திருந்தேன். அவள் பின்னால் எங்கோ நின்றபடி வந்துகொண்டிருந்தாள்.