முன் அனுபவம்: இல்லை

சுடலைக்கண்ணுவின் விண்ணப்பத்தை நிரப்பியவன் நான்தான். என் ஆங்கிலக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று, நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த அறையில் எல்லோரும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். 'முன் அனுபவம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி அவனைப் பார்த்தேன்.

"இல்லன்னு போடுங்கண்ணே" என்றான்.

எட்டு வருஷம் கார்களுக்குக் கதவு பொருத்தியவன் அவன். திசையன்விளைப் பக்கத்திலிருந்து, ஐ.டி.ஐ. ஃபிட்டர் சான்றிதழோடு பத்தொன்பது வயதில் ஒரகடத்துக்கு வந்தான். ஒரே தொழிற்சாலை, ஒரே லைன். ஆனால் அடுத்தடுத்து மூன்று கான்ட்ராக்டர்கள். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது அடையாள அட்டை வரும், சர்வீஸ் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். விற்பனை போதவில்லை என்று அந்த வெளிநாட்டுக் கம்பெனி மூடிக்கொண்டு போனபோது பெர்மனன்ட் தொழிலாளர்கள் கேட்டில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சுடலையும் பதினோரு நாள் அவர்களோடு உட்கார்ந்தான். பேச்சுவார்த்தை நடந்தது, இழப்பீட்டுப் பட்டியல் வந்தது. அதில் அவன் பெயர் இல்லை. மூன்று கான்ட்ராக்டர்களும் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்களே தவிர, கட்டவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அரசாங்கப் பதிவுகளின்படி அவன் எங்கேயும் வேலை செய்திருக்கவில்லை.

இரண்டு வருஷம் அந்த இடம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு மின்சாரக் கார் கம்பெனி வாங்கியது. நிலத்தில் சலுகை, மின்கட்டணத்தில் சலுகை, வரியில் சலுகை. ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம்: ஆயிரம் புதிய வேலைகள்! மூடிய தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், நானும் ஓடினேன். ஒருவரையும் எடுக்கவில்லை. முதன்முதலாக வேலைக்கு வருகிறவனைச் சேர்த்தால்தான் கம்பெனிக்கு அரசு ஊக்கத்தொகை தரும். பழைய பி.எஃப். எண் இருந்தால் அவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். அனுபவசாலி வந்தால் கூடவே சங்கமும் வரும் என்ற பயம் வேறு.

பி.எஃப். திருடப்பட்ட சுடலைக்கண்ணு மட்டும் புதியவனாக இருந்தான்.

மணிமங்கலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஜெயம் அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை.

"இன்னா சுடலை, இத்தினி வருசமா கம்பெனி கம்பெனின்னு போய்க்கினு இருந்தே. இப்பத்தான் மொத தபாவா?"

"ஆமாக்கா. ஊருல பெட்டிக்கடை வச்சிருந்தேன்."

"நல்லா வச்சே போ. என் வூட்லயே குடியிருந்துகினு எனக்கு ஒரு வெத்தல பாக்கு குடுத்திருப்பியா?"

ஆறு மாதப் பயிற்சி. அதை முடிப்பவர்களில் நூறு பேருக்கு நிரந்தர ஆணை, திறப்பு விழா மேடையில், அமைச்சர் கையால். சுடலைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. முப்பது தாண்டினால் எந்தக் கேட்டிலும் நிற்க முடியாது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் மனைவி மாடத்தி ஊரிலேயே இருந்தாள். ஆணை கைக்கு வந்ததும் அவளை அழைத்துவந்து தனி வீடு பார்ப்பதாகச் சொல்லியிருந்தான்.

பயிற்சியில் அவன் பட்ட பாடு பெரிது. போல்ட் முடுக்கும் கன்னைத் தப்பாகப் பிடிக்க வேண்டும். இருபது வயதுப் பயல்களோடு சேர்ந்து நட்டைக் கீழே போட வேண்டும். கேள்வி கேட்டால் விழிக்க வேண்டும்.

"தெரியாத வேலையைக் கத்துக்கிடலாம்ணே. தெரிஞ்ச வேலையைத் தெரியாத மாதிரி செய்யதுக்குத்தான் உயிர் போவுது" என்று சிரிப்பான். ஐந்து மாதம் இருபத்தைந்து நாள் அப்படியே ஓட்டினான். நூறு பேர் பட்டியலிலும் அவன் பெயர் வந்தது.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. மேடையில் முதல் காரை நிறுத்தியிருந்தார்கள். அமைச்சர் அதன் கதவைத் திறந்து உள்ளே உட்கார வேண்டும். கதவோ சரியாக மூடவில்லை. பின்பக்க ஓரம் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. இன்ஜினியர்கள் அறைந்து பார்த்தார்கள். தொழில்துறை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வரிசையில் நின்ற சுடலை கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு கதவருகே போய்விட்டான். முட்டியைக் கதவுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, தோளால் தாங்கி, கீல் போல்ட்டைத் தளர்த்தி, மறுபடி இறுக்கினான். கதவு 'தப்' என்று மூடியது. எல்லோரும் கைதட்டினார்கள். மனிதவளப் பிரிவு அதிகாரி பிரவீன்குமாரும் தட்டினார்.

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"யூடியூப்ல பாத்தேன் சார்."

அன்று சாயங்காலம் டீக்கடையில் இதைச் சொன்னபோது அவன் முகம் சரியில்லை. "உனக்கு எதுக்குலே அந்த வேலை? கூத்து அவனுவ கூத்து" என்று கத்தினேன்.

"அறைஞ்சுக்கிட்டே இருந்தானுவ அண்ணே. பாத்துக்கிட்டு நிக்க முடியல."

மறுநாள் அவனை மேடையேற்றினார்கள். அமைச்சர் உறையைக் கொடுத்தார், தோளில் தட்டினார், கேமராக்கள் மின்னின. மேடையின் பின்பக்கப் படியில் பிரவீன்குமார் நின்றார்.

"கவரைக் குடுத்துட்டுப் போங்க."

"சார், அமைச்சர் குடுத்தது."

"லிஸ்ட் போன வாரமே போயிடுச்சு. மேடையில பேரை மாத்த முடியாது. அதான் ஏறச் சொன்னோம். ஃபார்ம்ல அனுபவம் இல்லைன்னு பொய் சொல்லியிருக்கீங்க."

"கதவு சரியாத்தானே சார் இருக்கு?"

"கதவு சூப்பரா இருக்கு. பிரச்சினையே அதுதான்."

அடுத்த நாள் செய்தித்தாளில் அவன் படம் வந்தது. வேலைவாய்ப்பு பெற்ற இளைஞர் என்று கீழே போட்டிருந்தார்கள். அந்த வருஷ அரசுச் சாதனை மலரிலும் அதே படம்தான். ஆயிரம் பேரில் அவனும் ஒருவன். இன்று வரை அந்த எண்ணிக்கையை யாரும் திருத்தியதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு எட்டு மாதம் ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் கேன் போடும் லோடு ஆட்டோ ஓட்டினான். போன மாதம், சிங்கப்பெருமாள்கோவில் சாலையில், விளக்கில்லாமல் நின்ற டிரெய்லரின் பின்னால் மோதிச் செத்துப்போனான். நாங்கள் நான்கு பேர் உடலை ஊருக்குக் கொண்டுபோனோம்.

காரியமெல்லாம் முடிந்ததும் மாடத்தி ஒரு மஞ்சப்பையோடு வந்தாள்.

"கம்பெனியில இருந்து ஒருத்தரும் வரலியே அண்ணே."

பையிலிருந்து தன் பிளஸ் டூ சான்றிதழை எடுத்தாள்.

"பெர்மனன்ட் ஆளு போயிட்டா பொண்டாட்டிக்கு வேல குடுப்பாவளாமே. நான் எந்த வேலன்னாலும் செய்வேன்."

எட்டு மாதமாக அவன் அவளிடம் நடந்ததைச் சொல்லவே இல்லை. நான் சொன்னேன். மேடையை, உறையை, பின்பக்கப் படியை, எல்லாவற்றையும் சொன்னேன். செய்தித்தாள் படத்தை லேமினேட் செய்து வைத்திருந்தாள். அதை என் முன்னால் வைத்தாள்.

"அமைச்சர் கையால வாங்குனத இல்லங்கிறியளே. உங்களுக்குக் கிடைக்கலன்னு சொல்லுதியளோ?"

நேற்று அவளே பஸ் ஏறி வந்துவிட்டாள். கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க முடியவில்லை. கேட்டில் இருந்த காவலாளி படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஃபங்சன் போட்டோம்மா. எம்ப்ளாயி நம்பர் இன்னான்னு சொல்லு, உள்ள கேட்டுச் சொல்றேன்."

"நம்பர் தெரியாது. கதவு மாட்டுத அவியன்னு சொல்லுங்க" என்றாள் மாடத்தி. "உள்ள எல்லாருக்கும் தெரியும்."