மேடவாக்கம் பக்கம்

கல்லூரியில் மூன்று வருடம் என் பெயர் மேடவாக்கம். வீட்டில் வைத்த பெயர் வேறு இருக்கிறது. ஆனால் எங்கள் வகுப்பில் அதே பெயரில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். முதல் நாள் அறிமுகத்தில் ஒவ்வொருவராக எழுந்து பெயரையும் ஊரையும் சொன்னோம். பெயர் குழப்பியது, ஊர் ஒட்டிக்கொண்டது. என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் பம்மல். பின்னாலிருந்து பேனா கேட்டவன் மாடம்பாக்கம். நான் மேடவாக்கம். போனில்கூட ஒருவரை ஒருவர் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தோம்.

இதில் ஒரே சிக்கல், என் ஊர் மேடவாக்கம் இல்லை. பெரும்பாக்கம். அதிலும் அங்கே ஹவுசிங் போர்டு குடியிருப்பு. நகரத்துக்குள் ஆற்றோரம் இருந்த எங்கள் வீட்டை இடித்து, நான் எட்டாவது படிக்கும்போது சாமான்களோடு லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஏழாவது மாடி. காற்றுக்குக் குறைவில்லை, தண்ணீருக்கும் லிஃப்டுக்கும்தான் நேரம் காலம் பார்க்க வேண்டும்.

வந்த புதிதில் அம்மா பக்கத்து அபார்ட்மென்ட் ஒன்றில் வீட்டு வேலை கேட்டுப் போனாள். வாசலில் செக்யூரிட்டி, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா உள்ளதைச் சொன்னாள். அவர் "ஓ" என்றாராம். உள்ளே போனில் ஏதோ பேசிவிட்டு, ஆள் எடுத்தாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் வேறொரு கட்டடத்தில் அம்மா "மேடவாக்கம் பக்கம்" என்றாள். வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்து அந்த "ஓ"வை எனக்கு நடித்துக் காட்டினாள். புருவம் லேசாக மேலே போய், பார்வை அவள் செருப்புக்கு இறங்கி, பிறகுதான் சத்தம் வந்ததாம்.

"யார் கேட்டாலும் மேடவாக்கம் பக்கம்னு சொல்லு. அதுல பொய் இன்னா கீது? பக்கம்தானே?" என்றாள்.

அம்மாவின் "பக்கம்" ஓரளவு நேர்மையானது. நான் சோம்பேறி. கல்லூரியில் அந்தப் பக்கத்தையும் விட்டுவிட்டேன்.

கடைசி வருடம் தாம்பரத்தில் வேறொரு கல்லூரியில் ஹேக்கத்தான் நடந்தது. ஒரு நாள் முழுக்க ஒரு ஹாலில் உட்காரவைத்து, ஒரு பிரச்சனையைக் கொடுத்து, சாயங்காலத்துக்குள் தீர்வு கேட்பார்கள். அன்றைய பிரச்சனை, மாணவர்கள் நல்ல வேலைக்குப் போய் முன்னேற ஒரு வழி கண்டுபிடிப்பது. வேலை கிடைக்காமல் திண்டாடுகிறவர்களையே கூப்பிட்டு வேலைக்கு வழி கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். சாப்பாடு போட்டார்கள், அதனால் மன்னித்துவிட்டேன்.

பரிசுக் கோப்பையில் எனக்கு ஆசை இல்லை. வைக்க எங்கள் வீட்டில் இடமும் இல்லை. ஆனால் நடுவராக வந்திருந்த ஹெச்ஆர் மேடம், காலையிலேயே மைக்கைப் பிடித்து ஒன்று சொன்னார். மேடையில் நன்றாகப் பேசும் ஒருவருக்கு ஓஎம்ஆர் ஐடி சாலையில் இருக்கும் தன் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் தருவாராம். சரியாக வேலை செய்தால் அங்கேயே நிரந்தரம். எங்கள் கல்லூரிக்கு வரும் கம்பெனிகள் கிரெடிட் கார்டு விற்கத்தான் ஆள் எடுப்பார்கள். அம்மாவுக்கோ முட்டி தேய்ந்துவிட்டது. லிஃப்ட் ஓடாத நாளில் ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து எழுந்து வருவாள். எனக்கு ஒரு நல்ல வேலை வந்தால் அவள் வேலையை நிறுத்திவிடலாம். அந்த இன்டர்ன்ஷிப்பை வாங்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

எங்கள் அணியில் நாங்கள் மூன்று பேர்தான். மாடம்பாக்கம் வந்த வேகத்தில் லேப்டாப்பைத் திறந்தான்.

"மச்சான், ஏஐ போட்டுடலாம். உனக்கு எதுல ஆர்வம்னு கேக்கும். பதில் சொன்னா, நீ என்ன ஆகணும்னு அதுவே சொல்லிடும்."

"எனக்குச் சம்பளத்துல ஆர்வம்னா?" என்றேன்.

"அந்த ஆப்ஷன் கிடையாது."

"அப்ப தூக்கிப் போடு."

சுற்றிலும் பார்த்தால் பாதி அணிகள் அதையேதான் செய்துகொண்டிருந்தன. ஹால் முழுக்க இயந்திரங்கள் மனிதர்களிடம் ஆர்வத்தை விசாரித்துக்கொண்டிருந்தன. பம்மல் எலுமிச்சை சாதத்தைப் பிரித்தபடியே சொன்னாள்.

"எங்க வீட்ல ஆர்வத்தை எல்லாம் எவன் கேக்குறான்? ஒரே கேள்விதான். எவ்ளோ தூரம்? ஏழு மணிக்குள்ள வந்துடுவியா? என்ன வேலைன்னு அதுக்கப்புறம்தான்டி கேப்பாங்க."

அதில்தான் எங்களுக்கு வழி கிடைத்தது. வீட்டிலிருந்து போய்வர ஆகும் நேரத்தை வைத்து வேலை தேடும் ஆப். பஸ், ரயில், ஷேர் ஆட்டோ எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, எந்தக் கம்பெனி எத்தனை நிமிடம் என்று காட்டும். மாடம்பாக்கத்துக்குக் கை வேகம். மதியத்துக்குள் திரை தயாராகிவிட்டது. மாதிரிக்கு ஒரு மாணவியை உருவாக்கியிருந்தான். கம்பெனிக்காரர்கள் பார்க்கும் பக்கத்தில் அவள் படம், படிப்பு, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் மேடவாக்கம்.

"ஊரை எடு," என்றேன்.

"ஏன்? நல்லாத்தானே இருக்கு."

"கம்பெனிக்கு ஊர் எதுக்கு? எத்தனை மணிக்கு வருவான்னு தெரிஞ்சா போதும். நாப்பது நிமிஷம்னு காட்டு. எங்கேர்ந்து வரான்னு காட்டாத. வேலைக்கு எடுத்தப்புறம் தெரிஞ்சிக்கட்டும்."

"எல்லா ரெஸ்யூம்லயும் அட்ரஸ் இருக்கே?"

"எல்லாரும் கிணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா? எடுடா."

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பம்மல் போனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன். நல்லவேளை, மாடம்பாக்கம் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். "ஓ, டேட்டா பிரைவசியா? கெத்தா இருக்கும்" என்று ஊரை அழித்துவிட்டான்.

சாயங்காலம் எங்கள் முறை வந்தது. மாடம்பாக்கம் ஆரம்பித்துவைத்தான், நான் விளக்கினேன். நன்றாகப் பேசினேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஹெச்ஆர் மேடம் தலையை ஆட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார். கடைசியில்தான் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐடியா நல்லா இருக்கு. ஆனா ஊரை ஏன் மறைக்கணும்? நாங்க அட்ரஸ் கேக்குறது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. இதனால யாருக்கு என்ன பிரச்சனை வந்துச்சு? ஒரு உதாரணம் சொல்லுங்க."

மாடம்பாக்கம் டேட்டா பிரைவசி என்று இழுத்தான். மேடம் சிரித்தார். நல்ல சிரிப்புதான். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க. உங்க வீடு எங்க?"

"மேடவாக்கம் மேடம்." வாய் தானாகச் சொல்லியது.

"அட, நானும் மேடவாக்கம்தான். மேடவாக்கத்துல எங்க?"

இந்தக் கேள்விக்கு அம்மா எனக்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏதாவது ஒரு தெருப் பெயரைச் சொல்லியிருக்கலாம். பஸ் போகும் பாதையில் எத்தனையோ போர்டுகளைப் படித்திருக்கிறேன். ஆனால் ஊரைப் பார்த்து ஆளை எடைபோடக் கூடாது என்று இப்போதுதான் மைக்கில் முழங்கிவிட்டு, அடுத்த மூச்சில் ஒரு தெருவைத் திருடுவதா? உண்மையைச் சொன்னால் இன்டர்ன்ஷிப் போய்விடும் என்று பயம். சொல்லாவிட்டால், நான் பேசியது எல்லாம் வெறும் டேட்டா பிரைவசி என்று ஆகிவிடும். அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வந்துவிடும்.

"மேடவாக்கம் இல்ல மேடம். பெரும்பாக்கம். ஹவுசிங் போர்டு."

"ஓ," என்றார்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சின்ன "ஓ"தான். ஆனால் அம்மா நடித்துக் காட்டியதில் ஒன்றுகூடக் குறையவில்லை. புருவம் மேலே போனது. பார்வை என் செருப்புக்கு இறங்கியது.

"இந்த 'ஓ'வுக்காகத்தான் மேடம் ஊரை மறைச்சிருக்கோம்," என்றேன்.

பின் வரிசையில் யாரோ கை தட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் பெரிய மனுஷி, சமாளித்துக்கொண்டு, "வெரி போல்ட்" என்று மைக்கில் பாராட்டினார். எங்களுக்கு இரண்டாம் பரிசு. இன்டர்ன்ஷிப் மாடம்பாக்கத்துக்கு.

என் ஊரால் போனதா, என் வாயால் போனதா, இல்லை அவன் நிஜமாகவே என்னைவிட நன்றாகப் பேசினானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இதில் எரிச்சலே அதுதான். யாரும் காரணம் சொல்வதில்லை. சொன்னால் சண்டையாவது போடலாம். அவன் எனக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு வார்த்தை சொன்னான். கிடைத்ததை வாங்கிக்கொண்டு போடா என்றேன். அவன் இடத்தில் நான் இருந்தால் அந்த ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் வரை பம்மல் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். என் பஸ் வரும் நேரத்தில்தான் வெடித்தாள்.

"மூணு வருஷம்டி. ரம்ஜானுக்கு எங்க வீட்ல உக்காந்து பிரியாணி தின்ன. எங்கம்மா உனக்குன்னு தனியா டப்பால வேற குடுத்தனுப்புச்சு. உன் வீட்டுக்கு வரேன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்? ஒரு தடவை பெயின்ட் அடிக்கிறாங்கன்ன. மத்த நேரமெல்லாம் அம்மாக்கு உடம்பு சரியில்லன்ன. உங்கம்மா மூணு வருஷமா சாகக் கெடக்குறாங்கன்னு நெனச்சு நான் துவா எல்லாம் பண்ணியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"பம்மல்னா தோல் கம்பெனி நாத்தம்னு எல்லாரும் மூக்கைப் பொத்துறாங்க. அதுக்காக நான் பக்கத்துல இருக்கிற பல்லாவரம்னு சொன்னேனா?"

"பெரும்பாக்கம்னு சொல்லியிருந்தா எங்கூட பழகியிருப்பியா?" என்று கேட்டேன். நியாயமான கேள்வி என்றுதான் நினைத்தேன்.

அவள் யோசித்தாள். யோசிக்காமல் "பழகியிருப்பேன்" என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"தெரியல. நீ எனக்கு அந்த சான்ஸே குடுக்கலியே."

பஸ் வந்துவிட்டது. செம்பாக்கம் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். இன்டர்ன்ஷிப்புக்காகத்தான் அழுகிறேன் என்று முதலில் நினைத்துக்கொண்டேன்.

இப்போது பள்ளிக்கரணையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இன்டர்வியூவில் அவர்கள் கேட்பதற்கு முன்பே ஊரைச் சொன்னேன். அதற்கு முன் சில இடங்களிலும் அப்படியே சொல்லியிருக்கிறேன், அவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லை. ஊரைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் யாருக்கும் அறிவுரை சொல்ல மாட்டேன். எங்கள் பிளாக்கில் மேடவாக்கம் பக்கம் என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தால், அவர்களுக்கு அது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஹேக்கத்தான் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். பம்மல் கேட்காமலேயே கிளம்பி வந்துவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் இறங்கிவிட்டு, "எந்த பிளாக்?" என்று போன். எங்கள் வீட்டுக்கு என் கல்லூரியிலிருந்து ஒருவர் வருவது அதுதான் முதல் தடவை. அம்மா அவசரமாகப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்து, நல்ல புடவை மாற்றிக்கொண்டு, வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். லிஃப்ட் வழக்கம்போல் ஓடவில்லை. பம்மல் ஏழு மாடியும் ஏறி வந்து, வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"மேடவாக்கமாவே இருந்திருக்கலாம்டி. கிரவுண்ட் ஃப்ளோரா இருந்திருக்கும்."

அம்மா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினாள். தலையை வாஞ்சையாகத் தடவிவிட்டு, யார் வீட்டுக்கு யார் வந்தாலும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"வூடு எங்கம்மா?"

"பம்மல், ஆன்ட்டி."

"ஓ," என்றாள் அம்மா. புருவம் லேசாக மேலே போனது. "பம்மலா? அங்க தோல் நாத்தம் கொடலைப் புடுங்குமாமே? எப்டிம்மா இருந்துகினு கீறீங்க?"

அம்மா சொன்னதில் கள்ளம் ஒன்றும் இல்லை. அவள் நிஜமாகவே அந்தப் பெண்ணுக்காக இரக்கப்பட்டாள். பம்மல் தண்ணீர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"உங்க லிஃப்ட் மாதிரிதான் ஆன்ட்டி. ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது."

அம்மாவுக்கு அது நல்ல பதிலாகப் பட்டது. அப்படியா என்று நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, டீ போட உள்ளே போனாள். நாங்கள் இரண்டு பேரும் அவளுக்குக் கேட்காமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது, அன்று மேடையில் மேடத்தைப் பார்த்து அவ்வளவு தைரியமாகச் சொன்ன அதே வார்த்தையை அம்மாவிடம் என்னால் சொல்ல முடியாது என்று தெரிந்தது.