யூனியன் வந்த மதியம்

நேற்று தபாலில் தடித்த பார்சல் ஒன்று வந்தது. உள்ளே ஒரே மாதிரி இரண்டு இங்கிலீஷ் புத்தகங்கள். ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தேன். புதுப் புத்தகத்தை முதலில் முகர்ந்து பார்ப்பது என் பழக்கம். பிள்ளைகளே, உங்கள் அம்மா இதற்காகவே திட்டுவாள். அட்டையின் பசை வாசம் ஏறியதும் ஆம்பூர் ஷூ கம்பெனியின் ஒட்டும் பிரிவு ஞாபகம் வந்துவிட்டது. அங்கே பசைக்குப் பெயர் சொல்யூஷன். நான் அந்தப் பிரிவுக்குப் போனதே இந்தப் புத்தகத்தை எழுதியவனால்தான். இல்லை, என் வாயால்தான்.

ரஃபீக் வாணியம்பாடியில் எங்கள் தெருக்காரன். நான் பத்தாவதோடு நின்றேன், அவன் படித்துக்கொண்டே போனான். ஐரோப்பாவில் பல நாடுகள் ஐரோப்பிய யூனியன் என்று ஒன்றாகச் சேர்ந்து எல்லோருக்கும் ஒரே சட்டம் போடுகிறார்களாம். அப்போது சாதாரண ஜனங்களைக் கேட்கிறார்களா என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. அதற்கு ஆம்பூரில் என்ன வேலை என்று நானும் கேட்டேன் பிள்ளைகளே. நாங்கள் தைக்கும் ஷூ அங்கேதான் போகிறது. எந்தச் சாயம் கூடாது, எந்தப் பசை கூடாது என்று அங்கிருந்துதான் தாள் வருகிறது. அங்கே ஓட்டே இல்லாத உன் கம்பெனி ஆட்களுக்கும் அந்தச் சட்டம் வருகிறதே, அவர்களிடம் பேசவேண்டும், அந்த ஒரு அத்தியாயம் இல்லாவிட்டால் டாக்டர் பட்டம் கிடைக்காது என்றான்.

அப்போது நான் பேக்கிங்கில் இருந்தேன். ஃபேனுக்கடியில் நின்று பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் சொகுசான வேலை. அனுமதி வாங்கித் தருகிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி ஒத்துக்கொண்டேன். என்ன ஆராய்ச்சி என்று சூப்பர்வைசர் கேட்டார். ஐரோப்பா என்ற வார்த்தை அந்த நேரம் பார்த்து நாக்கில் வரவில்லை.

“யூனியன் பத்தி சார்” என்றேன்.

எங்கள் கம்பெனியில் அந்த வார்த்தையை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. சாப்பாட்டு மணிக்குள் தையல் பிரிவு முழுக்கப் பரவிவிட்டது. சந்தா எவ்வளவு என்று ஒருவர் என் காதோரம் கேட்டார். தையல் மெஷினில் வேலை செய்யும் செல்வி அக்கா சாப்பாட்டை அப்படியே மூடிவிட்டு என்னிடம் வந்தாள். அங்கே கக்கூஸ் போவதற்கு டோக்கன் எடுக்கவேண்டும். அத்தனை பெண்களுக்கும் சேர்த்து ஆணியில் இரண்டே டோக்கன் தொங்கும்.

“யூனியன் வருதாமே. மொதல்ல அந்த டோக்கன எடுத்துடச் சொல்லுப்பா. மத்ததெல்லாம் அப்புறம்.”

இது வேறு யூனியன் அக்கா என்று சொல்லியிருக்கவேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன், தலையாட்டிவிட்டேன்.

சாயங்காலமே ஆபீசில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். ரஃபீக் பொறுமையாக விளக்குவதற்காக ஐரோப்பா மேப்பை விரித்தான். அதன் மூலையில் அந்த நாடுகளின் நட்சத்திரம் போட்ட நீலக் கொடி.

அதிகாரி அதையே பார்த்தார். “கொடி கூட ரெடியா? உன் தோஸ்த்து ஜாஸ்தி படிச்சிட்டாருப்பா.”

ரஃபீக் கம்பெனி கேட்டுக்கு வெளியே போனான். மறுநாள் நான் சொல்யூஷனுக்குப் போனேன்.

அவன் விடவில்லை. காலை பாசஞ்சர் ரயிலில், வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை, தையல் பிரிவுப் பெண்கள் நடுவே நோட்டும் கையுமாக நின்றான். எந்தச் சட்டம் போடும்போதாவது உங்களை யாராவது கேட்டிருக்கிறார்களா என்று செல்வி அக்காவைக் கேட்டான்.

“நீதாம்பா மொத ஆளு” என்றாள். கொஞ்சம் யோசித்து, “அந்த ஊர்ல கக்கூஸ் போறதுக்கு யார கேக்கணும்?” என்றாள்.

பெட்டியே சிரித்தது. ரஃபீக் சிரிக்காமல் எழுதிக்கொண்டான்.

பட்டம் வாங்கினான், வெளிநாடு போனான். இத்தனை வருஷமாக அங்கேயே ஜனநாயகம் பற்றிப் பாடம் நடத்துகிறான். புத்தகத்தின் முதல் பக்கத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அக்கா கேட்ட கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. இரண்டாவது புத்தகம் அவளுக்காம். இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பதில் போட்டிருக்கானா?”

“இன்னும் தேடறானாம்க்கா.”

“தேடட்டும்” என்று டிவி பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள்.

அந்த பாசஞ்சர் இப்போது இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். டோக்கன் தொங்கிய ஆணியும் சுவரோடு போயிருக்கும். யூனியன் மட்டும் கடைசிவரை வரவே இல்லை. வராத ஒன்றைக் காணாமல் போனவற்றோடு சேர்க்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று ஒரு மதியம், சாப்பாட்டு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில், அது வந்திருந்தது. நான்தான் கூட்டி வந்தேன், தெரியாமல்.